டீச்சரம்மாவுக்கு அர்த்தம் வந்த இடம்

இருங்க இருங்க... கைதட்டலை அப்புறம் வாங்கிக்கறேன். தெரியாத வார்த்தையை விடத் தெரிஞ்ச வார்த்தைதான் ஆபத்துன்னு இப்பச் சொன்னேன். சில பேரு "அதெப்படி?"ங்கிற மாதிரி பாக்கறீங்க. உங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன். கேட்டுட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க.

திருச்செங்கோட்டுல செங்கோட்டுவேல்னு ஒரு மெக்கானிக். கண்ணை மூடிக்கிட்டு எஞ்சினைப் பிரிச்சு மாட்டுவாரு. ஆனா இங்கிலீஷ்... சுத்தமா ஆகாது. அவரு சம்சாரம் சுலோச்சனா, பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர். அந்தம்மா தும்மினாக்கூட இங்கிலீஷ்லதான் தும்மும்! ஆனா வண்டின்னா ஏறி உக்காரத் தெரியும், அவ்வளவுதான். என்ன பொருத்தம் பாருங்க!

அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சருங்க பதினாலு பேரு கொல்லிமலைக்கு டூர் கிளம்பறாங்க. வேன், மாதேஷ்ங்கிற டிரைவரோடது. புது மாடல். முந்தின நாள் நம்ம செங்கோட்டுவேல் பட்டறைக்குத்தான் வேலைக்கு வந்துச்சு. உள்ள ஒரு தடிப் புத்தகம், முழுக்க இங்கிலீஷ். மனுஷன் என்ன பண்ணாரு? பக்கத்தைப் போட்டோ எடுத்து சம்சாரத்துக்கு அனுப்பிட்டு, போனைப் போட்டாரு.

"ஏம்மா சுலோ, கிளட்ச்சுக்கு என்னம்மா எழுதியிருக்குது?"

"ஃப்ரீ பிளே... இருபது மில்லிமீட்டர்... ஏனுங்க, உங்க கிளட்ச்சு இலவசமா விளையாடணுமாமுங்க!"

செங்கோட்டுவேல் சிரிச்சாரு பாருங்க... கையில இருந்த ஸ்பேனர் கீழ விழுந்துருச்சு! "அட, பெடலை மிதிச்சா கிளட்ச் வேலை செய்யறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் சும்மா இறங்கும்ல, அதும்மா பிளே!" அவரு சிரிக்க, பட்டறையே சிரிக்க... அத்தனையும் போன்ல டீச்சர் காதுல விழுகுது. இருபத்திரண்டு வருஷமா இங்கிலீஷ் நடத்தறவங்க. எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க... எப்படி இருக்கும்?

சிரிச்சு முடிச்சுட்டு அடுத்த சந்தேகம் கேக்கறாரு. "ஸ்டீயரிங் தண்டைச் சக்கரத்தோட பிடிச்சு வச்சிருக்குதே, அந்த நட்டைக் கழட்டியிருக்கறேன். அதுக்கு என்ன போட்டிருக்குது?"

"ரீபிளேஸ்."

"அப்படின்னா?"

டீச்சருக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் எட்டிப் பாத்துச்சு. ஆனா 'தெரியலைங்க'ன்னு சொன்னா மறுபடியும் சிரிப்பாங்களே! குரலைக் கம்பீரமா வச்சுக்கிட்டாங்க. "ரீன்னா மறுபடியும். பிளேஸ்னா வை. மறுபடியும் வை! போன் பேசி முடிச்சதும் ரிசீவரை ரீபிளேஸ் பண்ணுன்னா, எடுத்த இடத்துலயே வைன்னுதானே அர்த்தம்?"

செங்கோட்டுவேலுக்கும் ஒரு சந்தேகம். அந்த நட்டுக்குள்ள பிடிப்புக்கு ஒரு நைலான் வளையம் இருக்கும். ஒருதரம் கழட்டினா பிடிப்பு விட்டுரும். 'புதுசுதானே போடச் சொல்லியிருப்பாங்க?'ன்னு கேக்க வாயெடுத்தாரு... இப்பத்தான் அத்தனை பேரு முன்னாடி சிரிச்சிருக்கோம், மறுபடியும் குறுக்குக் கேள்வி கேட்டா ராத்திரி சோறு கிடைக்குமா? கேக்கலை. பழைய நட்டையே மாட்டிட்டாரு.

மறுநாள் காலையில வேன் கிளம்பிருச்சு. பின்னாடி ஒரே பாட்டு, கும்மாளம். நம்ம சுலோச்சனா டீச்சர் முன்சீட்டுல உக்காந்து, அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டறாங்க. எதுக்கு? 'பிளே'வுக்கு அவரு சொன்ன அர்த்தம் தப்புன்னு கண்டுபிடிக்க! முதல் பக்கத்தைத் திறந்தா, இந்தப் புத்தகத்துல எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஒரு பட்டியல். விரலை வச்சுக்கிட்டே வர்றாங்க... 'ரீபிளேஸ்' வந்துச்சு. கழட்டினதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசை மாட்டு! கழட்டினதையே மாட்டறதுக்கு வேற வார்த்தையே தனியா இருக்குது... 'ரீஇன்ஸ்டால்'!

வேன் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்துருச்சு. அங்கிருந்து மலைக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு? எழுபது!

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

மாதேஷ் பதறிப்போய் பிரேக்கை அழுத்தினாரு. "என்னாச்சு டீச்சர்? வாந்தி வருதா?"

"வாந்தி இல்லைங்க... அர்த்தம் வந்துருச்சு!"

பெரிய டீச்சரம்மா, அதாங்க ஹெட்மிஸ்ட்ரஸ், பின்னாடியிருந்து கத்தறாங்க: "ஒரு வார்த்தைக்காகவா டூரை நிறுத்தறீங்க?" சுலோச்சனா டீச்சர் இறங்கி வேனுக்கு முன்னால நின்னுட்டாங்க. "என் மேல ஏத்திட்டுப் போங்க. இந்த வண்டி மலை ஏறாது!"

பட்டறைக்குப் போன் போச்சு. செங்கோட்டுவேல் புது நட்டோட பைக்குல பறந்து வந்தாரு. வேனுக்கு அடியில படுத்தாரு. ஸ்பேனரை எடுக்கவே இல்லை... வெறும் ரெண்டு விரல்ல திருகினாரு. நட்டு கையோட வந்துருச்சு.

பாடிக்கிட்டிருந்தவங்க அத்தனை பேரும் வேனை விட்டுக் கீழ இறங்கிட்டாங்க.

டீச்சர் மெதுவாச் சொன்னாங்க: "எனக்குச் சந்தேகம் இருந்துச்சுங்க. நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லலை."

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "எனக்கும் இருந்துச்சு சுலோ. நீ கோவிச்சுக்குவியேன்னு கேக்கலை."

புது நட்டை மாட்டினாரு. பெரிய டீச்சரம்மா அவரை விடலை. "நீங்களும் ஏறுங்க!" எழுபது வளைவுலயும் பதினாலு பேரும் கோரஸ்: "அண்ணா, நட்டு எப்படி இருக்குது?" அவரும் சளைக்காம எழுபது தடவையும், "கல்லு மாதிரி இருக்குதுங்க!" இறங்கி வரும்போது அந்த மனுஷனுக்குத் தொண்டையே கட்டிருச்சு!

இப்பச் சொல்லுங்க. அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதா? தெரியும். அவருக்கு வண்டி தெரியாதா? தெரியும். அப்புறம் எங்க கோளாறு? தெரியாத வார்த்தையா இருந்தா அகராதியைப் புரட்டியிருப்பாங்க. இது தெரிஞ்ச வார்த்தை... புரட்டலை!

நாம மட்டும் என்னவாம்? டாக்டர் "லேசாச் சாப்பிடுங்க"ன்னாரு. லேசான்னா எத்தனை இட்லி? என் வீட்டுல ரெண்டுங்கறாங்க. நான் எட்டுங்கறேன்! வீட்டுல "சரி"ன்னு ஒரு வார்த்தை சொல்றாங்க. அது சம்மதமா, கோவமா? கல்யாணமாகி முப்பது வருஷம்... எனக்கு இன்னும் பிடிபடலை!

அதனால, "நீங்க சொல்றதுக்கு என்ன அர்த்தம்?"னு வாயைத் திறந்து ஒருதரம் கேட்டுருங்க. வெக்கமே வேண்டாம். விவரம் தெரிஞ்சவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்... கேக்கறவங்களைப் பாத்துச் சிரிக்காதீங்க. சிரிப்பு வந்தா அடக்கி வச்சு இங்க கொண்டு வாங்க. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கலாம்!