கோம்பைக்காரி

குமுளியில் ஆனைக்கரை பஸ் புறப்படும் நேரம். சங்கிலியில் நாயோடு ஏற வந்த பெண்ணைக் கண்டக்டர் படியிலேயே மறித்துப் பேசியது ஜன்னலோரம் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"கோம்பை நாயா? கடிச்சுக் கொதறிரும். இங்கனயே விட்டுட்டு ஏறு."

"விட்டுட்டுப் போனா கல்லெறிஞ்சே கொன்னுருவாங்கண்ணே. நானுந்தான் கோம்பை ஊர்க்காரி. உங்களக் கடிச்சேனா?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு.

"நாய்ச் சாதி அப்பிடி."

"அடிச்சு வளத்தா எந்தச் சாதியும் கடிக்கும். இது பிள்ளைகளோட வெளயாண்டு வளந்தது. சங்கிலியக் கைய விட்டு விடமாட்டேன்."

"கடிச்சா யாரு ஜவாப்தாரி?"

பின்னால் மூட்டையோடு நின்ற அவள் கணவன் அப்போதுதான் வாய் திறந்தான். "நாய்க்கு நான் ஜவாப்தாரிங்க. இவளுக்கு மட்டும் கேக்காதீங்க."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். அவள் ஒரு சீட்டில் உட்கார, நாய் அவள் காலடியில் படுத்தது. கணவன் கடைசி சீட்டுக்குப் போய்விட்டான்.