ஐந்து பேரிடம் ஒரு சாவி

ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு தோழிகள். ஒருத்திக்குக் கொழும்பில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை.

"எங்க கம்பெனி பெரிய ஐயாவுக்கே முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"ஆஸ்பத்திரி நோயாளிங்க விவரமெல்லாம் எங்க மெசின்லதான் பூட்டியிருக்கு. அந்தச் சாவி ஒரு நீளமான நம்பரு. அத அஞ்சு துண்டாக்கி அஞ்சு பேருக்குக் குடுத்திருக்காங்க. மூணு பேரு சேந்தாத்தான் தொறக்கும். ஒரு துண்டு எனக்கு."

"ஒனக்கா!"

"போன மழைக்கு மெசின் நின்னுபோச்சு, திரும்ப ஓட வைக்கச் சாவி வேணும். ரெண்டு பேரு வெளிநாட்டுல, நான் லீவுல நம்ம தோட்டத்து லயத்து வீட்டுல. மண்ணு சரிஞ்சு பஸ்ஸும் இல்ல. என் துண்டத் தொறக்குற ரகசிய நம்பரப் போன்ல சொல்லுன்னாரு பெரிய ஐயா. மாட்டேன்னுட்டு, மண்ணு சரிஞ்ச எடத்த நடந்தே தாண்டி, வேன் புடிச்சுப் போனேன்."

"ஏசினாரா?"

"நான் உள்ள போனதும் எழும்பி நின்னாரு."

தோழி அவள் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவருகிட்ட எத்தன துண்டு இருக்கு?"

"ஒன்னுமே இல்ல. தனக்குக் குடுக்கக் கூடாதுன்னு எழுதி வச்சதே அவருதான்."