கிள்ளான் மண்டபத்தில் உயர்ந்த கை

பிரிக்பீல்ட்ஸ் கைத்துணை மன்றத்தின் நிறுவனரும், கலைக்குழுக்களுக்கும் இளைஞர் இயக்கங்களுக்கும் ஓயாத ஆலோசகருமாகிய திருமதி புனிதவதி சிவசம்பு அவர்கள் ஓய்வு பெறும் இந்நன்னாளில், உடனுழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

கலைக்குக் காவலாய் நின்ற கண்ணியமே! இளையோர்க்கு அரணாய் நின்ற அன்பே! எங்கள் பிழை பொறுத்த பெருந்தகையே!

மன்றம் பதியவும் மண்டபம் பிடிக்கவும் அனுமதி வாங்கவும் வழி சொன்னவர் தாங்கள். செராஸ் முதல் பந்திங் வரை இன்று நிமிர்ந்து நிற்கும் குழுக்கள் எல்லாம் தங்கள் தேநீரைக் குடித்து, தங்கள் திட்டையும் வாங்கித் தேறியவைதாம். அத்தனையும் சொன்னால் பொழுது விடிந்துவிடும். ஒரே ஒரு மாலையைச் சொல்கிறோம்.

எழுபதுகளின் தொடக்கம். நாட்டில் அறுபத்தொன்பதின் இனக்கலவரக் காயம் ஆறாத காலம். கிள்ளானில் நம் இளைஞர்கள் 'அடுப்படிக் கலகம்' என்றொரு மாமியார் மருமகள் சிரிப்பு நாடகம் போட்டார்கள். அனுமதிக்கு எழுதும்போது அகராதியைப் புரட்டி, கலகத்துக்கு மலாயில் 'ருசுஹான்' என்று எழுதிவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்! ஊர் பற்றி எரியும் கலவரத்துக்கு உரிய சொல் அது. திரை விலகும் நேரத்தில், எல்லாரும் 'துவான்' என்று மரியாதையாய் அழைக்கும் காவல் அதிகாரி வந்து, நாடகம் நடக்காது என்றார். மண்டபமோ நிறைந்திருந்தது.

விளக்குக்குப் பொறுப்பாயிருந்த சபாபதி தங்களிடம் ஓடி வந்தார். "அக்கா, எல்லாரையும் லோக்காப்புல போட்டுருவாங்க. பேசாம வீட்டுக்குப் போயிருவோம் லா."

"வந்த சனங்களுக்கு என்ன பதில் சொல்றது? நீ சுவிட்ச் கிட்ட நில்லு தம்பி, நான் பேசிட்டு வரேன்" என்றீர்கள் தாங்கள்.

பேசினீர்கள். ஓர் ஏற்பாடு முடிந்தது: அதிகாரி முன்வரிசையில் அமர்வார். தாங்கள் அருகிருந்து ஒவ்வொரு வசனத்தையும் மலாயில் சொல்வீர்கள். எது உறுத்தினாலும் அவர் கை தூக்கலாம். தூக்கினால் அக்கணமே விளக்கணையும், வழக்கு தங்கள் பேரில், மன்றத்தின் பதிவும் போகும். மன்றம் அன்று கைக்குழந்தை!

நாடகம் தொடங்கியது. சபாபதி மேடையைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையையே பார்த்தார். சுவிட்சில் வைத்த விரலை எடுக்கவும் இல்லை. மாமியாராக நடித்த சீதாலெட்சுமி, "வெட்டுவேன்! குத்துவேன்!" என்று கத்தினார். வெட்டுவது முருங்கைக்காய், குத்துவது மிளகாய். தாங்கள் அதைச் சொல்லி முடிக்குமுன் அதிகாரியின் கை உயர்ந்தது.

மேடை உறைந்தது. சபாபதி சுவிட்சை அழுத்தப் போனார். தாங்கள் குனிந்து கேட்டீர்கள். பிறகு எழுந்து நின்றீர்கள்.

"அணைச்சிராத தம்பி! இந்த மாமியாருக்கு அவரு மாமியாரத் தெரியுமான்னு துவான் கேக்குறாரு!"

அன்று எழுந்த சிரிப்பில்தான் அம்மா, இந்த மன்றம் பிழைத்தது.

பிள்ளைகள் இன்றும் தப்பும் தவறுமாகத்தான் எழுதுகிறார்கள். முன்வரிசையில் தாங்கள் இல்லாத நாளை நினைத்தால் எங்களுக்கு அச்சமாயிருக்கிறது, அதை மறைக்கமாட்டோம். ஆயினும் போய் ஓய்வெடுங்கள். பத்துமலை முருகன் அருளால் நோயறியாது நெடுங்காலம் வாழ்க!

ஒரு வேண்டுகோள். வாசலில் திரும்பி நின்று எங்களுக்குக் கை தூக்கிவிடாதீர்கள். சபாபதி இன்றும் சுவிட்ச் பக்கத்தில்தான் நிற்கிறார்.

பிரிய மனமில்லாத
கைத்துணை மன்றப் பணியாளர்கள்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர், 1993