கார்வெல் தெருவில் ஆள் இருந்த வீடு

என் பெயர் லமான்ட் பெட்வே. வயது ஐம்பத்தெட்டு. டெட்ராய்ட் நகரின் கிழக்குப் பகுதியில் கார்வெல் தெருவில் குடியிருக்கிறேன். கார் ஆலையை மூடும்வரை அதில் வேலை பார்த்தேன். எதிர்வீட்டு ஆர்வில் டிகின்ஸ் இறந்தது பற்றி யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

எங்கள் தெருவில் பாதி வீடுகள் காலி. ஆள் இல்லை என்று தெரிந்தால் திருடர்கள் புகுந்து செம்புக் குழாய்களை உருவிவிடுவார்கள், அதன் பிறகு யாராவது தீ வைப்பார்கள். அதனால் காலி வீடுகளுக்கு நாங்களே ஜன்னல் திரை மாட்டி, புல் வெட்டி, குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ளி, ஆள் இருப்பதுபோல் வைத்திருப்போம். பனி தள்ளுவது என் பொறுப்பு. டிகின்ஸ் எண்பது வயதில் தனியாக இருந்தார். அவர் வீடு இரண்டு காலி வீடுகளுக்கு நடுவில் இருந்ததால் அவர் வாசலையும் சேர்த்தே தள்ளிவிடுவேன். "ஏன்டா தம்பி, பேய்க்கெல்லாம் பாதை போடுற, அந்தக் கணக்குல என்னையும் சேத்துட்டியா?" என்று ஜன்னலைத் திறந்து கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

கொஞ்ச காலமாகத் தெருவுக்குப் புது ஆட்கள் வருகிறார்கள், முனையில் காபிக் கடைகூட வந்துவிட்டது. நானும் என் வீட்டை விற்க இருந்தேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சிகாகோவிலிருந்து ஒரு இளம் தம்பதி வீடு பார்க்க வருவதாக இருந்ததால், காலையிலேயே எழுந்து எல்லா வாசலிலும் பனி தள்ளினேன். டிகின்ஸ் ஜன்னலைத் திறக்கவில்லை. அதைக் கவனித்தேன், ஆனால் கதவைத் தட்டவில்லை.

அதன் பிறகு, அந்தத் தம்பதி என் கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, அட்லாண்டாவிலிருக்கும் டிகின்ஸின் மகள் யவெட் போன் செய்தாள். "அண்ணே, நேத்துலேர்ந்து அப்பா போனே எடுக்கல. ஒரு எட்டு போய்ப் பாக்குறீங்களா?" என்றாள். வீடு வாங்க வந்தவர்கள் கண்முன்னால் தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நிற்பதை நான் விரும்பவில்லை. ஜன்னல் வழியாக எதிரே பார்த்து, "வாசல்ல பனியெல்லாம் சுத்தமா தள்ளியிருக்கும்மா, ஆள் நல்லாத்தான் இருக்கார்" என்றேன். தள்ளியது நான்தான் என்று சொல்லவில்லை. "இந்த வயசுல யாரு அவரத் தள்ளச் சொன்னா? நான் திட்டினேன்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு போனை வைத்தாள்.

அதன் பிறகு அந்தத் தம்பதிக்குத் தெருவைச் சுற்றிக் காட்டினேன். எதிர்வீட்டில் யார் என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல மனிதர், ஒரு சத்தமும் இருக்காது என்றேன். அந்த நேரத்தில் அவர் இடுப்பெலும்பு முறிந்து சமையலறைத் தரையில் கிடந்தார். மறுநாள் மதியம் மனம் உறுத்திப் போய்த் தட்டினேன், பதில் இல்லாததால் போலீசைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை இரவுவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் யவெட் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அப்பாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்டவர் இவர்தான் என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் மறுக்காமல் தலையாட்டினேன். சொல்லவே கூசுகிறது.

அதிகாரி இதைப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வார்த்தையும் பொய்யில்லை. இதன் பிரதி ஒன்றை யவெட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

(ஒப்பம்) லமான்ட் பெட்வே