ஒன்பதாம் மாதம்

— நீங்க ரோட்ல வெட்டிப் போட்ட மரத்தத் தாண்டி நடந்து போங்க நர்சம்மா, ஒருத்தனும் கேக்க மாட்டான். ஜீப்பு மட்டும் போவாது.

— வெள்ளிமலைக்கு நடந்தா பொழுது சாஞ்சிடும், கொளஞ்சியப்பா. அதுக்குள்ள பெட்டியில ஐஸ் கரைஞ்சிடும். கரைஞ்சா மருந்து வெறும் தண்ணி. மேல மூணு ஊர்ல மணல்வாரி அம்மை போட்டிருக்கு.

— ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் போவக்கூடாது. இடஒதுக்கீட்டுப் போராட்டக் கமிட்டி முடிவு. நான் இந்தப் புளியமரத்துக்குக் காவல், அவ்ளோதான்.

— என்னுதும் கமிட்டி முடிவுதான்.

— எந்தூரு கமிட்டி?

— ஜெனிவா.

— சின்னசேலத்துல எறங்கிப் போவணுமா?

— ஏரோப்ளேன்ல போவணும். பெரிய டாக்டருங்க உக்காந்து, எந்த ஊசிய எந்த வயசுல போடலாம்னு யோசனை சொல்லுவாங்க. வெறும் யோசனைதான். டெல்லி அத உத்தரவாக்கி மெட்ராசுக்கு அனுப்பும். மெட்ராஸ் எனக்கு அனுப்பும்.

— அந்தக் கமிட்டியில நம்ம ஜனத்துக்கு எத்தினி சதவீதம்?

— கிண்டலா?

— நான் சிரிக்கலியே. கல்வராயன் மலையப் பாக்காதவன் மலைப் புள்ளைக்கு நாள் குறிக்கிறான். கேக்கக்கூடாதா?

— கேளு. பல நாட்டுப் புள்ளைங்க ரத்தத்தப் பாத்துதான் குறிச்சாங்க. தாய்கிட்டேர்ந்து வந்த எதிர்ப்பு சக்தி புள்ள ஒடம்புல இருக்கறவரைக்கும் ஊசி மருந்த வேலை செய்ய வுடாது. அது வடிய ஒன்பது மாசம் ஆவும். முந்திப் போட்டா வீண்.

— மலைக்குத்தான் ஆடியிலயே போட்டுட்டீங்களே. இன்னாத்துக்கு மறுபடியும் பெட்டி?

— வெயில் ஏறுது. வழிய வுடு.

— பேச்ச மாத்தாதீங்க.

— தப்பாப் போட்டுட்டேன்.

— இன்னா தப்பு?

— ஒன்பது மாசம்னு தாள்ல இருந்திச்சு. வயித்துப் புள்ளைக்கு, நடக்கிற மாசத்தையும் சேத்து எண்ணுவமே, அப்படியே எண்ணிட்டேன். எட்டு முடிஞ்சு ஒன்பதாம் மாசம் பொறந்ததுமே குத்திட்டேன். அவங்க சொன்னது ஒன்பது முடிஞ்சப்புறம்.

— ஒரு மாசந்தானே.

— ஊசி போட்ட ரெண்டு புள்ளைங்களுக்கே அம்மை கண்டிருக்கு. மீதிக்காவது இன்னிக்கே திரும்பப் போட்டாவணும்.

— மீதி எத்தினி?

— மேல பதினாலு. கீழ ஒண்ணே ஒண்ணு, அன்னிக்கு ஆத்தாளோட மேல வந்திருந்த உம்பொண்ணு எழில்மதி. அவளுக்கு நாளைக்குப் போட்டாலும் மோசமில்ல, வூட்லதான இருக்கா.

— போலீசு வரும்னு நேத்தே ஆத்தாளையும் புள்ளையையும் மேல அனுப்பிட்டேன் நர்சம்மா. அம்மை இருக்குன்னு தெரியும். ஊசி அட்டையில உங்க கையெழுத்து இருந்திச்சு.