வீட்டில் ஆளில்லை

— அசைஞ்சே, அடுத்த அடி மண்டையில இறங்கும். புரியுதா?

— அசையேல்லைத் தம்பி. கை முறிஞ்சு போச்சுப் போல. ஊண்டி எழும்பக்கூட ஏலாது.

— முறியட்டும். மெஷினைத் தூக்க வந்த கைதானே.

— நான் சொல்ல வந்ததை ஒருக்கா...

— வாயை மூடுய்யா. நாலு நாளா உங்க ஆபீஸ் சொல்றதை மட்டும்தான் கேட்டுட்டு இருக்கேன். டண்டினொங் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஒரு பொண்ணு பாடம் ஒப்பிக்குது. டாக்டர் நம்பர் செல்லாது, இன்சூரன்ஸ் அப்ரூவல் கேன்சல், மெஷினை எடுக்க ஆள் வரும். அந்த ஆள் நீ. பேரென்ன?

— சிறிதரன்.

— கேட்டுக்கோ சிறிதரன். உள்ள படுத்திருக்கறது எங்கப்பா. இந்த ஆக்சிஜன் மெஷின் ஓடுற வரைக்கும்தான் அவருக்கு மூச்சு. புரியுதா?

— தெரியும். போன மாசம் அதைக் கொண்டந்து பூட்டினதே நான்தான். ஐயா தன்ர பக்கத்தில கதிரை போட்டு என்னை இருத்தித் தேத்தண்ணி தரச் சொன்னவர்.

— அன்னைக்கு டீ குடிச்சிட்டுப் போயி இன்னைக்கு உயிரை எடுக்க வந்திருக்க. வெக்கமா இல்ல?

— டொக்டர் அம்மா கிளேட்டன் கிளினிக்கை விட்டு இங்க மல்கிரேவுக்கு மாறினவ. இடத்துக்கு இடம் வேற நம்பர் எடுத்துப் பதியோணும் தம்பி. புதுசு வர முதல் பழைய நம்பரைப் போட்டுச் சீட்டு எழுதிப்போட்டா. நடந்த பிழை அவ்வளவுதான்.

— அதே அம்மா. அதே கையெழுத்து. எங்கப்பாவுக்கும் அதே நுரையீரல். ரூம் மாறினா டாக்டர் டாக்டர் இல்லாம போயிடுவாங்களா?

— சட்டம் அப்பிடி வைச்சிருக்கினம்.

— சட்டமா? இந்தா வாங்கிக்க சட்டம்.

— ஆ... முருகா. தோளில வேண்டாம். தோளில வேண்டாம் தம்பி.

— வலிக்குதா? எங்கப்பாவுக்கு மூணு படி ஏறினாலே இப்படித்தான் இருக்கும். கைக்காசு தர்றேன்னு கெஞ்சினேன்யா. செல்லுற சீட்டு இல்லாம வாடகைக்கும் தர மாட்டாங்களாம். வேற டாக்டர் வெள்ளிக்கிழமைதான் பார்ப்பாராம். இன்னைக்குச் செவ்வாய். நடுவுல எங்கப்பா எதை உள்ள இழுப்பாரு? உன் சட்டத்தையா?

— கோவம் நியாயம்தான். ஆனா...

— நியாயம் நீ சொல்லாத. வேன் சாவியை எடு. எடுறா. வேனை உருட்டிட்டுப் போயி ரோட்டுல கொளுத்தறேன். வேற எவனாவது உன் கம்பெனி சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து பெல் அடிக்கட்டும், அவனுக்கும் இதே கிரிக்கெட் பேட்டுதான்.

— சாவி வலப்பக்கப் பொக்கெட்டில. எனக்கு அந்தக் கையை அசைக்க ஏலாது. நீங்களே எடுங்கோ.

— நடிக்காத. முட்டியைப் பேத்துடுவேன்.

— அடியுங்கோ. இதை விடப் பெரிய ஆக்களெல்லாம் அடிச்சிருக்கினம்.

— பிரதீப், சீக்கிரம் வா, மாமாவுக்கு மூச்சு இழுக்குது, மெஷின் வேற கத்திக்கிட்டே... ஐயோ. யாரு இவரு? என்ன பண்ணி வெச்சிருக்க?

— இவன்தான் யாமினி. என்னமோ பண்ணிட்டான். என்னய்யா பண்ணின? சொல்லு, இல்லேன்னா இங்கயே கொன்னு போட்ருவேன்.

— அவரு வாசல்லயே கிடக்காரு பிரதீப். உள்ளயே வரல. மூஞ்சியெல்லாம் ரத்தம். பேட்டைக் கீழ போடு.

— நீ தள்ளு. இவன் மண்டையை...

— தம்பி, அடிக்கிறதெண்டாப் பிறகு அடியுங்கோ. முதல்ல வலது காலைத் தூக்குங்கோ.

— என்னது?

— காலைத் தூக்குங்கோ. மெஷின் முன் ஹோலுக்குள்ள நிக்குது. ஐயா அறைக்குள்ள. நடுவில ஓடுற குழாயிலதான் நீங்கள் நிக்கிறியள்.

— ஐயோ, குழாய்! எடுத்துட்டேன், காலை எடுத்துட்டேன்.

— அதுதான் மெஷின் கத்தினது. இப்ப பாருங்கோ, சத்தம் நிண்டிட்டுது. பிள்ளை, ஓடிப்போய் ஐயாவை நிமித்தி இருத்துங்கோ. முதுகுக்கு ரெண்டு தலையணை. மூக்கால இழுத்து வாயால மெல்ல விடச் சொல்லுங்கோ.

— யாமினி, என்ன ஆச்சு? யாமினி, சொல்லு.

— இரு... வருது. உதட்டுல நெறம் வருது. கண்ணைத் தொறந்துட்டாரு.

— நானா? நானா அப்பா மூச்சை மிதிச்சிட்டு நின்னேன்?

— கோவத்தில கால் எங்க நிக்குதெண்டு ஆருக்குத் தெரியும். பேட்டை அங்கால வைச்சிட்டு இருங்கோ.

— போலீஸைக் கூப்பிடறேன். நானே சொல்லிடறேன். உங்களை அடிச்சது நான்தான்னு.

— வேண்டாம். பொலிஸ் வந்தா ரிப்போட் எழுதும். ரிப்போட் போனா, கம்பெனி இண்டைக்கே வேற ஆக்களை அனுப்பி மெஷினைத் தூக்கும். ஒரு ஈரத்துணி தாங்கோ.

— இந்தாங்க. மூக்கை அழுத்திப் பிடிச்சுக்கங்க.

— எனக்கில்லை, கதவுக்கு. வெளிப்பக்கம் ரத்தம் தெறிச்சிருக்கு. துடைச்சுப்போட்டு உள்ளுக்குப் பூட்டுங்கோ. மூடின கதவை நான் ஒரு படம் எடுக்கோணும்.

— படமா? எதுக்கு?

— வீட்டில ஆளில்லை எண்டு எழுத. ஆளில்லாட்டித் திரும்பி வர மூண்டு நாள் தருவினம். டொக்டர் அம்மாவின்ர புது நம்பர் நாளைக்கு வந்திடுமாம். கிளினிக்கில கேட்டனான்.

— இவ்வளவு அடி வாங்கிட்டுமா? அந்தக் கைக்கு ஆபீஸ்ல என்னண்ணா சொல்லுவீங்க?

— வேனால இறங்கேக்க விழுந்தனான் எண்டு சொல்லுவன். கடவுள் பொறுப்பார். ஐயாவிட்டையும் அப்பிடியே சொல்லுங்கோ, அவர் நெஞ்சு தாங்காது.

— நான் உங்களைக் கொல்லத்தான் நின்னேன். அடி விழுந்த பயத்துலதானே இதையெல்லாம் செய்யறீங்க?

— பிரதீப், ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்னு உன் போனை எடுத்தேன். காலைல எட்டு மணிக்கு ஒரு மெசேஜ், நீ தொறக்கவே இல்ல. "ஐயாவின்ர மெஷினை எடுக்கச் சொல்லி என்னை அனுப்புகினம். பத்து மணிக்கு வந்து மூண்டு தரம் பெல் அடிப்பன். தயவுசெய்து கதவைத் திறக்காதேங்கோ. சிறிதரன்."