இறங்கி வரட்டுமா? ஓவர்

பிற்பகல் மூன்று மணி. மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை.

பேய் என்றால் நடுராத்திரிதான் வரவேண்டுமா என்ன? நெருங்கி உட்காருங்கள். நண்பன் ஒருவனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது இது. நல்ல வெளிச்சத்தில் நடந்தது.

பெரியப்பா அந்தக் காலத்தில் பட்டாளத்தில் வயர்லெஸ்காரர். அன்று காலைதான் அவருக்குப் பதக்கம் குத்தியிருந்தார்கள். கொடுத்தது ஒரு வெளிநாட்டு அரசு. பழைய போரில் தங்கள் படையோடு தோளோடு தோளாக நின்ற கூட்டாளி வீரர்களை, இத்தனை வருடம் கழித்துத் தேடிப்பிடித்துக் கௌரவித்தார்கள். பதக்கத்தின் ஒரு பக்கம் அந்த நாட்டுச் சின்னம். மறுபக்கம், ஒன்றையொன்று பற்றிக்கொண்ட இரண்டு கைகள். “கடைசி நிமிடம்வரை வயர்லெஸ் கருவியை விட்டு நகராதவர்” என்று தூதர் மேடையில் சொன்னார். அரங்கமே எழுந்து கைதட்டியது. பெரியப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தார்கள்.

திரும்பி வரும்போது மகள்தான் காரை ஓட்டினாள். பல் டாக்டர். நாற்பதைத் தாண்டியவள்.

“ஏம்பா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? மெடல் வாங்கிட்டு வர்றவர் மாதிரியா இருக்கு? என்கிட்ட பல்லு புடுங்கிட்டுப் போறவங்ககூட சிரிச்சிட்டுப் போறாங்க.”

“வழியப் பாத்து ஓட்டும்மா.”

“சரிங்க சார். ஓவர்.”

அந்த வீட்டில் அது ஒரு விளையாட்டு. வயர்லெஸ்ஸில் ‘ஓவர்’ என்றால், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று பொருள். ‘அவுட்’ என்றால் பேச்சே முடிந்தது. இனி பதில் கிடையாது. “பசிக்குது, ஓவர்” என்று கத்திக்கொண்டே அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒரே ஒரு நாள், சின்ன வயதில், மகள் விளையாட்டாக ‘அவுட்’ என்றாள். பெரியப்பா கை நீட்டிவிட்டார். வாழ்நாளில் அவளை அடித்தது அந்த ஒரு முறைதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை.

கார் ஒரு வளைவில் திரும்பியது. மேகம் சரிந்து சாலையை மூடிக்கொண்டது. மகள் வேகத்தைக் குறைத்தாள்.

கர்ர்ர்ர்...

அணைத்து வைத்திருந்த ரேடியோவிலிருந்து. காருக்குள் ஈர மண் வாசனை... கூடவே கருகிய வயரின் நெடி.

“மைனா... மைனா... மரங்கொத்தி பேசுறேன். கேக்குதா? ஓவர்.”

பெரியப்பா சட்டையில் இருந்த பதக்கத்தைக் கையால் பொத்தினார்.

அந்தக் கால வயர்லெஸ்ஸில் மைனா என்பது அவர்தான். முகாமில் கருவியோடு இருந்தவர். மரங்கொத்தி, மேலே குன்றில் தனியாகக் காவலுக்குப் போயிருந்த சிநேகிதன். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்தப் பழைய போரில் ஒரு நாள், கூட்டாளிப் படையின் அதிகாரி ஓடி வந்தார். எதிரி நெருங்கிவிட்டான், கடைசி லாரி கிளம்புகிறது, மேலே உங்கள் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஆம் என்றால் லாரி நிற்கும். நின்றால்...? பெரியப்பா இல்லை என்று தலையாட்டினார். கருவியில் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்கி வரட்டுமா, ஓவர். இறங்கி வரட்டுமா, ஓவர்.

“அங்கேயே இரு. அவுட்” என்று சொல்லி அணைத்துவிட்டு, ஓடிப்போய் லாரியில் ஏறினார்.

“மைனா... கீழ சத்தமே இல்ல. நான் இறங்கி வரட்டுமா? ஓவர்.”

மகள் சிரித்தாள். “யாரோ சின்னப் பசங்க வாக்கி-டாக்கி வெச்சு விளையாடுதுங்க. நம்ம ஸ்பீக்கர்ல விழுது பாருங்க. அப்பா, உங்க ஆளுங்கதான், பதில் சொல்லுங்க!”

பெரியப்பா வாயைத் திறந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்கு மீதியையும் சொல்ல வேண்டும். அப்பா என்றால் மலை என்று நம்பியவள். காலையில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள்.

வாயை மூடிக்கொண்டார்.

“...இறங்கி வரட்டுமா? ஓவர்.”

“பாவம்ப்பா, கேட்டுட்டே இருக்கான்.” மகள் ரேடியோ பக்கம் குனிந்தாள். “இறங்கி வா தம்பி! ஓவர்.”

இரைச்சல் பட்டென்று நின்றது.

காரின் பின்பக்கம் லேசாக அமுங்கி எழுந்தது. பிறகு...

டிங். டிங். டிங்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. பின் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்லும் விளக்கு.

“பின்னாடி ஏதாச்சும் வெச்சீங்களாப்பா?”

எதுவும் வைக்கவில்லை. விழாவில் கொடுத்த பூங்கொத்துகூட டிக்கியில்தான் இருந்தது.

பெரியப்பா திரும்பவில்லை. பதக்கத்தைச் சட்டையிலிருந்து கழற்றினார். ஊசி விரலில் ஏறியது, உறைக்கவில்லை. தோளுக்கு மேலாக அதைப் பின்னால் நீட்டினார். “எடுத்துக்கோடா,” என்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. யாரும் வாங்கவில்லை.

க்ளிக்.

பெல்ட் மாட்டும் சத்தம். விளக்கு அணைந்தது.

மகள் கண்ணாடியில் பார்த்தாள். கார் மெல்ல... மெல்ல ஊர்ந்து, நடுச்சாலையில் நின்றது. அவள் கத்தவில்லை. சிகிச்சைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் பேசுவதுபோல, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அப்பா... யாருப்பா இந்தப் பையன்?”